இதயச் செயலிழப்பில் சிஆர்பி, எம்டிஏ, யூரிக் அமிலம்: இந்த எண்களை எப்படிப் படிப்பது?

கேள்வி இது. அப்பாவுக்கு 66 வயது. நான்கு வருடமாக நாள்பட்ட இதயச் செயலிழப்பு, எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 30 சதவீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு). மாத்திரைகள் ஒழுங்காகப் போகின்றன, ஆனாலும் சோர்வு விடவில்லை. யாரோ சொன்னதால் ஒரு பெரிய பேக்கேஜாக ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். ஹைசென்சிட்டிவ் சிஆர்பி 5.8, எம்டிஏ அதிகம், டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட் கெபாசிட்டி நார்மல், யூரிக் அமிலம் 8.9, ஈஎஸ்ஆர் 4, ஃபெரிட்டின் 140, ஹீமோகுளோபின் 13.2. இவை என்ன சொல்கின்றன, மருந்தை மாற்ற வேண்டுமா, விட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

முதலில் நேரான பதில். விட்டமின் ஈ வேண்டாம். சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), எம்டிஏ (கொழுப்பு சிதைந்ததைக் காட்டும் பொருள்) இரண்டையும் வைத்து மருந்தை மாற்றத் தேவையில்லை. ஆனால் இந்த ரிப்போர்ட்டில் நார்மல் என்று யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் எண் இருக்கிறது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அந்த ஃபெரிட்டின் 140-ஐத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்வேன். ஏன் என்று சொல்வதற்கு மற்ற எண்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

இதயம் பலவீனமானால் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் ஏறும் என்பது பழைய செய்தி. 1956-லேயே இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ரத்தத்தில் சிஆர்பி இருப்பதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் இதயவியலின் பெரும்புள்ளியான யூஜீன் பிரான்வால்ட். அப்புறம் நீண்ட காலம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990-ல் லெவின் குழுவினர் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் பல மடங்கு கூடியிருப்பதைக் காட்டினார்கள். அதுவும் உடல் உருகி எலும்பும் தோலுமாகப் போனவர்களிடம்தான் அதிகம் இருந்தது. அதோடு பார்வை மாறியது. இதயச் செயலிழப்பு என்பது பம்ப் பழுது மட்டுமல்ல, உடல் முழுக்க ஓடும் ஓர் அழற்சி நோயும்கூட என்று பேச ஆரம்பித்தார்கள்.

அழற்சி எங்கிருந்து வருகிறது? ஒரே மூலம் இல்லை. நீட்சியால் அவதிப்படும் இதயத் தசையே சைட்டோகைன்களை (அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களை) சுரக்கிறது. ரத்தம் தேங்கிக் குடல் சுவர் வீங்கும்போது, குடல் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு கசிந்து ரத்தத்தில் கலந்து நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டுகிறது என்று 1990-களில் ஆங்கர் குழுவினர் முன்வைத்த கருத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு. கால் வீங்கி நீர் கோத்திருக்கும் நேரத்தில் எண்டோடாக்சின் அதிகமாகவும், டையூரடிக் கொடுத்து நீர் வடிந்த பிறகு குறைவாகவும் இருப்பதை அவர்கள் அளந்து காட்டினார்கள். உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு போன்ற உடனிருக்கும் நோய்களும் தனித்தனியே எண்ணெய் ஊற்றுகின்றன. எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் குறையாத வகையில் இந்த உடனிருக்கும் நோய்கள்தான் முதலில் ரத்தக்குழாய் உட்சுவரைக் கெடுத்து, பிறகு தசையை விறைக்கச் செய்கின்றன என்பது 2013-ல் பவுலஸும் சோப்பேயும் வைத்த விளக்கம். உங்கள் அப்பாவுக்கு இருப்பது ஃபிராக்‌ஷன் குறைந்த வகை, அதனால் அதற்குள் போகவில்லை.

இனி சிஆர்பி. கல்லீரல் இதைத் தயாரிக்கிறது, தயாரிக்கச் சொல்வது பெரும்பாலும் இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைன். ரத்தத்தில் இதன் அரைவாழ்வு சுமார் 19 மணி நேரம். அதாவது தூண்டுதல் நின்றால் சில நாட்களில் இறங்கிவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்பது மாரடைப்பு அபாயத்தைக் கணிப்பதற்காக வகுத்த கோடு. 10-ஐத் தாண்டினால் முதலில் தொற்று ஏதும் இருக்கிறதா என்று தேட வேண்டும். 5.8 என்பது இதயச் செயலிழப்பில் சர்வ சாதாரணமாகப் பார்க்கிற எண். ஈறு வீக்கம், சளி, கூடுதல் எடை, புகைப்பழக்கம் எதுவும் இதைத் தூக்கும். ஒரே ஆளிடம் நோய் எதுவும் மாறாமலேயே இரண்டு முறை எடுத்தால் ஒன்று மற்றதைவிட இரு மடங்காக இருக்கலாம். அதனால்தான் இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்கிறார்கள். ஒற்றை சிஆர்பியைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் கீழே படியும் வேகம், அழற்சியில் கூடும்) 4 என்பதைப் பார்த்து, அழற்சி இல்லையே என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கடுமையான இதயச் செயலிழப்பில் கல்லீரலில் ரத்தம் தேங்கி, ஈஎஸ்ஆரை ஏற்றும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் உற்பத்தி குறைந்தால், உள்ளே அழற்சி இருக்கும்போதே ஈஎஸ்ஆர் தாழ்ந்து காணப்படும். இந்த நோயில் ஈஎஸ்ஆர் எடுப்பதே கிட்டத்தட்ட வீண்.

சரி, அழற்சி கெடுதல் என்றால் அதை அடக்கினால் நோய் குறைய வேண்டுமே? மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. இந்தத் துறையில் நான் மறக்காமல் எல்லோருக்கும் சொல்லும் பாடம் இதுதான். டிஎன்எஃப்பை மடக்கும் எட்டனெர்செப்ட் மருந்தை வைத்து நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் பலன் தெரியாததால் 2001-ல் பாதியில் நிறுத்தப்பட்டன. இன்ஃப்ளிக்ஸிமாப் இன்னும் மோசம். 150 பேரிடம் நடந்த அட்டாச் ஆய்வில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வாங்கியவர்களிடம் மரணமும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதும் கூடின. ரத்தத்தில் அதிகமாக இருந்த ஒரு பொருளைக் குறைத்தார்கள், நோயாளி மோசமானார். டிஎன்எஃப் சிறிய அளவில் இதயத் தசையைக் காக்கும் வேலையும் செய்கிறது என்பது பிறகு பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. இன்றும் மூட்டுவாதத்துக்காக இந்த ஊசிகளை எழுதும்போது இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்று கேட்பதற்கு இதுதான் காரணம். உங்கள் அப்பாவுக்கு மூட்டுவாதமும் இருந்தால் அந்த மருத்துவரிடம் இதயத்தைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

சிஆர்பிக்கும் இதே கதைதான். 2007-ல் வெளியான கொரோனா என்ற ஆய்வு (தொற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 60 வயது தாண்டிய, ரத்தக்குழாய் அடைப்பால் இதயம் பலவீனமான 5,011 பேருக்குக் கொலஸ்ட்ரால் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராமோ போலி மாத்திரையோ கொடுத்தது. போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் சிஆர்பி 37 சதவீதம் இறங்கியது. ஆனால் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட முதன்மை முடிவில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. சிஆர்பி 2-க்கு மேல் இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது என்று பிறகு எழுதினார்கள். அது முடிவு தெரிந்த பின் திரும்பிப் பார்த்த கணக்கு, அதை வைத்து மருந்து எழுத முடியாது. இன்டர்லூகின்-6-ஐ நேரடியாகத் தடுக்கும் ஜில்டிவெகிமாப் என்ற ஊசியை, ஃபிராக்‌ஷன் அதிகம் குறையாத, சிஆர்பி உயர்ந்த நோயாளிகளிடம் சோதிக்கவே ஹெர்மெஸ் என்ற பெரிய ஆய்வை வடிவமைத்திருக்கிறார்கள். யாருக்கு அழற்சி இருக்கிறது என்று முதலில் அளந்து, அவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கும் முறை என்பதால் இதன் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவின் வகைக்கு அது இல்லை.

அடுத்து எம்டிஏ. ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகள் இதயச் செயலிழப்பில் அதிகமாவது உண்மை. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் கசிவு, ஆஞ்சியோடென்சின் தூண்டிவிடும் என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ், யூரிக் அமிலத்தை உண்டாக்கும் சாந்தைன் ஆக்சிடேஸ், வெள்ளை அணுக்களின் மைலோபெராக்சிடேஸ் என்று பல ஊற்றுகள். இந்த மூலக்கூறுகளில் ஒன்றான சூப்பராக்சைடு பிறந்ததும் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடும், அதனால் குழாய் இறுகும். சிக்கல் என்னவென்றால் இந்த மூலக்கூறுகள் கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. குழாயில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடும். ஆகவே அவை கொழுப்பிலும் புரதத்திலும் டிஎன்ஏவிலும் விட்டுச்செல்லும் சேதத்தைத்தான் அளக்கிறோம். எம்டிஏ அப்படிக் கொழுப்பு சிதைந்ததில் மிஞ்சும் ஒரு துண்டு.

எம்டிஏவைப் பெரும்பாலான இடங்களில் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? சீரத்தில் அமிலமும் தையோபார்பிட்யூரிக் அமிலமும் சேர்த்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்குவார்கள். எம்டிஏ இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அந்த நிறம் 532 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே விடை. ஆனால் அந்த வினைப்பொருள் எம்டிஏவோடு மட்டும் சேர்வதில்லை. சர்க்கரை, பிற ஆல்டிஹைடுகள், பிலிருபின் எல்லாம் சேர்ந்து நிறம் கொடுக்கும் அல்லது நிறத்தைக் கெடுக்கும். சிவப்பணுக்கள் உடைந்த மாதிரியாக இருந்தால் இன்னும் குழப்பம். சூடாக்கும்போதே புதிதாகக் கொழுப்பு சிதைந்து எம்டிஏ பிறக்கவும் செய்யும். மாதிரியை எவ்வளவு நேரம் வெளியே வைத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஓர் ஆய்வகத்தின் எம்டிஏவை இன்னொன்றின் எம்டிஏவோடு ஒப்பிடவே முடியாது. ஆராய்ச்சியில் நோயாளிக் கூட்டத்தையும் ஆரோக்கியமானவர் கூட்டத்தையும் ஒரே நாளில், ஒரே கையால் அளந்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். தனி மனிதர் ஒருவரின் ரிப்போர்ட்டில் 'எம்டிஏ அதிகம்' என்று அச்சடித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இதைவிட நம்பகமானது எஃப்2-ஐசோபுரோஸ்டேன். 1990-ல் ஜேசன் மோரோவும் ஜாக்சன் ராபர்ட்ஸும் கண்டுபிடித்தது. அராக்கிடோனிக் அமிலம் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் ஆக்சிஜனேற்றம் அடையும்போது இது பிறக்கிறது. இதயச் செயலிழப்பு தீவிரமாக ஆக ஆக இதயத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் இது கூடுவதை 1998-ல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சரியாக அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். பிளாஸ்மாவை மைனஸ் 20 டிகிரியில் போட்டு மறந்துவிட்டால் அங்கேயே மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் நடந்து எண் தானாக ஏறும். எடுத்த கையோடு ஆன்டிஆக்சிடன்ட் சேர்த்து மைனஸ் 80-ல் வைக்க வேண்டும். அன்றாட ஆய்வகத்தில் இது நடக்கிற காரியமில்லை.

எம்டிஏ அதிகமாக இருக்கும்போது டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட் கெபாசிட்டி மட்டும் எப்படி நார்மலாக வந்தது என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். விடை அடுத்த வரியிலேயே இருக்கிறது: யூரிக் அமிலம் 8.9. சீரத்தின் மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் சோதனைகளில் பெரும்பங்கு யூரிக் அமிலத்துடையது. யூரிக் அமிலம் கூடினால் அந்த எண் அழகாகத் தெரியும். ஆனால் யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதிதான் சூப்பராக்சைடையும் உண்டாக்குகிறது. ஒரே நொதி பிரச்சினையையும் பெருக்கி, பிரச்சினை இல்லை என்று காட்டும் எண்ணையும் பெருக்குகிறது. அதனால் இந்தச் சோதனையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

யூரிக் அமிலம் எளிதான, எங்கும் கிடைக்கும், ஓரளவு பொருள் உள்ள எண்தான். உயர்ந்திருப்பவர்களின் எதிர்காலம் சற்று மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டையூரடிக் மாத்திரையும் சிறுநீரகக் குறைபாடும் இதைத் தூக்கும். உங்கள் அப்பா டையூரடிக் சாப்பிடுகிறார் என்றால் 8.9 வியப்பில்லை. குறைத்தால் இதயம் தேறுமா? 2015-ல் வந்த எக்ஸாக்ட்-ஹெச்எஃப் ஆய்வு, யூரிக் அமிலம் 9.5 அல்லது அதற்கு மேல் இருந்த 253 பேரை எடுத்து 24 வாரம் அலோபூரினாலோ போலி மாத்திரையோ கொடுத்தது. அலோபூரினால் சாப்பிட்டவர்களுக்கு யூரிக் அமிலம் இறங்கியது, ஆனால் நடைதூரமோ நோய் நிலையோ முன்னேறவில்லை. ஆகவே கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) வந்தால் அதற்காக மருத்துவம் செய்யலாம், இதயத்துக்காக என்று அலோபூரினால் தொடங்கத் தேவையில்லை. இதயச் செயலிழப்புக்கே கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் போகிற போக்கில் யூரிக் அமிலத்தையும் குறைக்கின்றன. அப்பாவின் பட்டியலில் அவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்வி.

விட்டமின் ஈ பற்றி. ரத்தக்குழாய் நோயோ சர்க்கரையோ உள்ள 55 வயது தாண்டியவர்களிடம் தினமும் 400 யூனிட் விட்டமின் ஈ கொடுத்து ஏறக்குறைய ஏழு ஆண்டு கண்காணித்த ஹோப்-டூ ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. இதயச் செயலிழப்பு மட்டும் 13 சதவீதம் அதிகமாக வந்தது. ஆரோக்கியத்துக்கு என்று நம்பிக்கையோடு கொடுத்த மாத்திரை, தடுக்க நினைத்த நோய்களில் ஒன்றையே கூட்டியது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் வேலையும் செய்கின்றன. அவற்றைக் கண்மூடித்தனமாகத் துடைத்தெடுப்பது நல்லதல்ல. கோஎன்சைம் க்யூ10 பற்றியும் கேட்பீர்கள். 2014-ல் வெளியான க்யூ-சிம்பியோ ஆய்வில் 420 பேரிடம் நல்ல பலன் தெரிந்தது, தினம் 300 மில்லிகிராம், இரண்டு ஆண்டு. சிறிய ஆய்வு, ஆள் சேர்க்கவே பல வருடம் ஆனது, பெரிய அளவில் யாரும் அதை உறுதிசெய்யவில்லை. தடுக்க மாட்டேன், வற்புறுத்தவும் மாட்டேன். வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எஸ்டி2, கேலெக்டின்-3, ஜிடிஎஃப்-15 என்று இன்னும் சில ரத்தக் குறியீடுகளின் பெயர்கள் காதில் விழும். எஸ்டி2 மில்லிலிட்டருக்கு 35 நானோகிராமைத் தாண்டினால் அபாயம் கூடுதல். வயதும் சிறுநீரகமும் இதை அதிகம் அசைப்பதில்லை என்பதால் மூன்றில் எனக்கு மதிப்பு உள்ளது இதுதான். கேலெக்டின்-3 சிறுநீரகத்தோடு சேர்ந்து ஆடும். ஜிடிஎஃப்-15 மெட்ஃபார்மின் சாப்பிட்டாலே ஏறும். மூன்றும் அபாயத்தைச் சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. இதயம் நீட்சிக்கு உள்ளாகும்போது ரத்தத்தில் கூடும் என்டி-புரோபிஎன்பி தான் இன்றும் அடிப்படை. அதை வைத்துக்கூட மருந்தளவை ஏற்றி இறக்கிப் பார்த்த கைட்-இட் ஆய்வில் 894 பேரிடம் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சகுபிட்ரில்-வால்சார்டன் சாப்பிடுகிறவர்களுக்கு சாதாரண பிஎன்பி எடுக்காமல் என்டி-புரோபிஎன்பியே எடுக்க வேண்டும். அந்த மருந்து பிஎன்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், நோயாளி தேறும்போதே பிஎன்பி ஏறிக் காட்டலாம்.

இப்போது ஃபெரிட்டின். இன்டர்லூகின்-6 கல்லீரலை சிஆர்பி மட்டும் செய்யச் சொல்வதில்லை, ஹெப்சிடின் என்ற ஹார்மோனும் செய்யச் சொல்கிறது. ஹெப்சிடின் குடலிலும் சேமிப்பு செல்களிலும் இரும்பு வெளியேறும் வாசலை அடைத்துவிடும். உடம்பில் இரும்பு இருக்கும், ஆனால் தசைக்கும் மஜ்ஜைக்கும் போய்ச் சேராது. அழற்சியால் ஃபெரிட்டினும் தானாகவே உயரும், அதனால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும். ஆரோக்கியமானவருக்கு 140 நல்ல எண். இதயச் செயலிழப்பில் அப்படியில்லை. இங்கே ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தாலோ, 100 முதல் 299-க்குள் இருந்து டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ இரும்புக் குறைபாடு என்று கொள்வதுதான் வழக்கம். ஹீமோகுளோபின் 13.2 என்பதும் இதை மறுக்காது. ரத்தசோகை வருவதற்கு முன்பே தசை செல்லின் மைட்டோகாண்ட்ரியா இரும்பின்றித் திணறும், சோர்வு அப்படியே வரும். அந்தப் பேக்கேஜில் எம்டிஏ இருந்தது, டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட் இருந்தது, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் மட்டும் இல்லை. இதுதான் எனக்கு வருத்தம். ரிப்போர்ட்டில் உள்ள எல்லா எண்களிலும் அப்பாவின் சோர்வுக்கு நேரடியாக ஏதாவது செய்யக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

குறைபாடு உறுதியானால் ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றுவார்கள். 2009-ல் ஃபேர்-ஹெச்எஃப் ஆய்வு ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஏற்றியவர்களின் சோர்வும் நடைதூரமும் முன்னேறியதைக் காட்டியது. மாத்திரையாகச் சாப்பிட்டால் போதாதா என்றால், 2017-ல் அயர்ன்அவுட் ஆய்வு 225 பேரிடம் அதைப் பார்த்தது, உடற்பயிற்சித் திறன் முன்னேறவில்லை. ஹெப்சிடின் வாசலை அடைத்திருக்கும்போது குடல் வழியாகக் கொடுக்கும் இரும்பு உள்ளே போவது கடினம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சீரம் அயர்ன், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், கிரியேட்டினின், என்டி-புரோபிஎன்பி எடுக்கலாமா என்று கேளுங்கள். தைராய்டு சமீபத்தில் பார்க்கவில்லை என்றால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள், சோர்வுக்கு அதுவும் ஒரு காரணம். எம்டிஏவை மறுபடி எடுக்க வேண்டாம். சிஆர்பி எடுப்பதாக இருந்தால் சளி, காய்ச்சல், பல்வலி எதுவும் இல்லாத வாரத்தில் எடுங்கள். இரும்பு அளவு சாப்பாட்டுக்குப் பிறகும் மாத்திரைக்குப் பிறகும் ஏறி இறங்கும். ஆகவே அப்பா ஏற்கெனவே இரும்பு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார் என்றால் அதை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.